சர்வர் காலடியில் இருந்தது, பெயரைத்தான் காணோம்

திங்கட்கிழமை காலை எட்டேகால் மணி. எடைமேடைக்கு வெளியே நாலு லோரி வரிசையாக நிற்கிறது. மேடையில் இருக்கும் தம்பி போனில் கூப்பிடுகிறான். "அக்கா, சர்வரக் காணோம் லா." சர்வர், அதாவது ஆபீஸ் கணக்கை எல்லோருக்கும் எடுத்துக் கொடுக்கும் பொதுக் கம்ப்யூட்டர், என் மேசைக்கு அடியில், வலது காலுக்கு ஒரு சாண் தள்ளி இருக்கிறது. விசிறிச் சத்தம் கேட்கிறது, பச்சை விளக்கு எரிகிறது. "இங்கதான்டா இருக்கு" என்றேன். "உங்க காலுக்குக் கீழ இருக்கும்க்கா, என் ஸ்கிரீன்ல இல்ல" என்றான்.

அவன் சொன்னது சரிதான். நான் சொன்னதும் சரிதான். இரண்டும் ஒரே நேரத்தில் எப்படிச் சரியாக இருக்கும் என்று கண்டுபிடிக்க எனக்கு மூன்று திங்கட்கிழமைகள் பிடித்தன. அந்தக் கதைக்கு வருவதற்கு முன்னால், ஒரு குலைக் கடைக்கு எதற்குச் சர்வர் என்று சொல்லிவிடுகிறேன்.

மலேசியாவின் பேராக் மாநிலத்தில் ஊத்தான் மெலிந்தாங் பக்கம், சிறுதோட்டக்காரர்களிடம் செம்பனைக் குலை வாங்கி ஆலைக்கு அனுப்பும் ஒரு சின்ன நிறுவனத்தில் கணக்குப் பார்ப்பவள் நான். கம்ப்யூட்டர் படித்தவள் இல்லை. 2015-இல் ஜிஎஸ்டி வந்தபோது அதற்கான மென்பொருளோடு மல்லுக்கட்டியதில் 'கம்ப்யூட்டர் தெரிஞ்ச அக்கா' என்று பெயர் விழுந்துவிட்டது. 2018-இல் ஜிஎஸ்டி போய்விட்டது. அந்தப் பெயர் மட்டும் போகவில்லை.

சர்வர் வேண்டும் என்று ஆனதற்குக் காரணம் மின்னல். மதியத்துக்கு மேல் வானம் கறுத்தால் எங்கள் பக்கம் முதலில் இணையம் போகும், பிறகுதான் மழை வரும். அப்போதெல்லாம் எடைச்சீட்டை இணையத்தில் ஓடும் ஒரு மென்பொருளில்தான் பதிந்துகொண்டிருந்தோம். இணையம் இல்லாவிட்டால் சீட்டு வராது, சீட்டு இல்லாமல் லோரி நகராது. குலையை அறுத்தால் 24 மணி நேரத்துக்குள் ஆலையில் சேர்த்துவிட வேண்டும் என்பது இந்தத் தொழிலில் இருக்கும் எல்லோரும் சொல்லும் கணக்கு. கிடக்கக் கிடக்க எண்ணெயில் கொழுப்பு அமிலம் ஏறும், ஆலையில் முகம் சுளிப்பார்கள், விலையில் கை வைப்பார்கள். மேடைக்கும் என் மேசைக்கும் நடுவில் நாற்பது மீட்டர்தான். அந்த நாற்பது மீட்டரைத் தாண்ட ஒரு எடைக்கணக்கு கடல் கடந்து போய் வந்துகொண்டிருந்தது.

சரி, ஆபீசிலேயே ஒரு சர்வர் வைத்துக்கொள்வோம் என்று முதலாளி சொன்னார். விசாரித்த இடத்தில் ஒருவர் விலைப்பட்டியல் கொடுத்தார். அதில் சர்வர் ஒரு வரிதான். மற்ற வரிகள் எல்லாம் டொமைன் பெயர், நிலையான பொது ஐபி முகவரி, ஆண்டுச் சந்தா, பராமரிப்பு என்று நீண்டன. முதலாளி தாளைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "நம்ம ஆபீசுக்குள்ள நாமளே பாக்கிறதுக்கு எதுக்கு ஊரு முழுக்கத் தெரியிற பேரு?" என்று கேட்டார். டிஎன்எஸ் என்பது பெயரைக் கேட்டால் அதற்குரிய எண்ணைச் சொல்லும் ஏற்பாடு. அது என்னவென்று அவருக்குத் தெரியாது. ஆனால் கேட்ட கேள்வி அதைப் பற்றியதுதான்.

நான் பிறந்து வளர்ந்தது தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வீட்டு வரிசையில். எங்கள் வீட்டுக்குத் தெருப்பெயர் கிடையாது. கடித உறையில் அப்பா பெயரும் தோட்டத்தின் பெயரும் இருக்கும், அவ்வளவுதான். தபால்காரர் எல்லாவற்றையும் தோட்ட ஆபீசில் கொடுத்துவிட்டுப் போய்விடுவார். ஆபீஸ் குமாஸ்தாவான கிராணி அதைப் பிரித்து, எது எந்த டிவிஷன், எது எந்த லயம் என்று அனுப்புவார். 'மேட்டு லயம் ஏழாம் நம்பர்' என்பது தோட்டத்துக்குள் எல்லோருக்கும் தெரிந்த முகவரி. வேலியைத் தாண்டினால் அதற்கு அர்த்தமே இல்லை. பக்கத்துத் தோட்டத்திலும் ஒரு மேட்டு லயம் ஏழாம் நம்பர் இருக்கும், அதனால் யாருக்கும் குழப்பம் வந்ததில்லை. ஆபீஸ் நெட்வொர்க்கும் இப்படித்தான், அதில் ஒவ்வொரு கருவிக்கும் ஐபி முகவரி என்று ஒரு எண் இருக்கும். 192.168 என்று தொடங்கும் எண்கள், 10 என்று தொடங்குபவை, 172.16 முதல் 172.31 வரை உள்ளவை ஆகிய மூன்று கூட்டமும் வேலிக்குள் புழங்குவதற்கென்றே ஒதுக்கி வைக்கப்பட்டவை. யாரிடமும் கேட்காமல், காசு கட்டாமல் எடுத்துக்கொள்ளலாம். உள்பெயரும் அதேபோல் நாமே வைத்துக்கொள்ளலாம். ஆனால் பிரித்துக் கொடுக்க ஒரு கிராணி வேண்டும், ஒரே ஒரு கிராணி. இந்தக் கடைசி விஷயத்தை நான் தாமதமாகத்தான் கற்றுக்கொண்டேன்.

சர்வரை வைத்தது பெரிய வேலையே இல்லை. பழைய ஆபீஸ் கம்ப்யூட்டர் ஒன்று, 8 ஜிபி நினைவகம், ஒன்றின் நகல் மற்றதில் இருக்கும்படி இரண்டு டிஸ்க். கம்பாரில் படிக்கும் என் அண்ணன் மகன் விடுமுறையில் வந்து டெபியன் என்ற இயங்குதளத்தைப் போட்டான், கோப்புகளைப் பகிரச் சம்பா என்ற நிரலைப் போட்டான், எடைச்சீட்டுக்கு ஒரு சின்ன இணையப்பக்கம் எழுதினான். இரண்டு வார வேலை. சோறு போட்டது நான், கைச்செலவுக்குக் கொடுத்தது முதலாளி.

முதல் சில மாதம் பெயரே வைக்கவில்லை. ஒரு அட்டையில் 192.168.1.10 என்று மார்க்கர் பேனாவால் எழுதி மேடைச் சுவரில் ஒட்டினோம். எல்லோரும் அதைப் பார்த்துத் தட்டினார்கள், நன்றாகத்தான் ஓடியது. பிறகு ஒருநாள் மின்னல் அடித்து, இணையத்தைப் பகிர்ந்து கருவிகளுக்கு எண் கொடுக்கும் ரவுட்டர் கருகியது. புதிதாக மாட்டிவிட்டுப் போன ரவுட்டர் 192.168.0 என்று தொடங்கும் எண்களைக் கொடுக்கும் வகை. சர்வர் மட்டும் பழைய எண்ணைப் பிடித்துக்கொண்டு தனியாக உட்கார்ந்திருந்தது. ஆறு கம்ப்யூட்டரிலும் குறுக்குவழி செத்தது, பிரிண்டர் செத்தது. அன்றைக்குச் சீட்டு எல்லாம் கார்பன் தாளில் கையால் எழுதினோம்.

இதிலிருந்து இரண்டு காரியம் செய்தோம். ஒன்று, இணைய நிறுவனம் கொடுக்கும் ரவுட்டருக்குப் பின்னால் நமக்கென்று ஒரு ரவுட்டர். முந்நூறு ரிங்கிட்டுக்குள் ஒரு மைக்ரோடிக் பெட்டி வாங்கினோம். வெளியில் இருக்கும் பெட்டி எத்தனை தடவை கருகினாலும் மாறினாலும் உள்ளே இருப்பவர்களுக்குத் தெரிய வேண்டியதில்லை. இரண்டு, எல்லோர் வீட்டிலும் இருக்கும் 192.168.1 வேண்டாம் என்று வேறு எண் எடுத்தோம். எங்கள் ஊர் அஞ்சல் குறியீடு 36400 என்பதால் 10.36.40 என்று வைத்தேன். மறக்காது. சர்வர் 10.36.40.10. அந்த எண்ணைச் சர்வரிலேயே எழுதி வைப்பதைவிட, இந்த நெட்வொர்க் அட்டை வந்தால் இந்த எண்ணைக் கொடு என்று ரவுட்டரிடம் சொல்லி வைப்பது நல்லது. அப்போது கணக்கு எல்லாம் ஒரே புத்தகத்தில் இருக்கும்.

அப்புறம் பெயர். இங்கேதான் நாங்கள் சுற்றிச் சுற்றி வந்தோம்.

முதலில் என்ன பெயர் என்பதே ஒரு சண்டை. 'எடை' என்று வைக்கலாம் என்றேன். ஆங்கில எழுத்தில் அதை ஆளுக்கு ஒரு மாதிரி எழுதினார்கள். ஒருவர் 'ஈ'யில் தொடங்கினார், ஒருவர் 'ஒய்'யில் தொடங்கினார், முடிவில் ஒருவருக்கு 'ஐ', ஒருவருக்கு 'ஒய்'. லோரி ஓட்டும் மலாய்க்கார அபாங்குகளுக்கும் குலை இறக்கும் பங்களாதேஷ் பையன்களுக்கும் அது வாயிலேயே நுழையவில்லை. கடைசியில் மலாய்ச் சொல்லையே வைத்தோம்: திம்பாங். எல்லோருக்கும் எழுத்துக்கூட்டத் தெரியும், எல்லோருக்கும் ஒரே எழுத்து. சர்வருக்குப் பெயர் வைக்கும்போது அழகு பார்க்காதீர்கள், சத்தத்தில் சொன்னால் சரியாக எழுத முடிகிறதா என்று பாருங்கள்.

பெயருக்குப் பின்னால் என்ன வால் வைப்பது என்பது அடுத்த கேள்வி. அண்ணன் பையன் தன் மடிக்கணினியில் சோதிக்கும்போது டாட் டெவ் என்று வைத்திருந்தான். உண்மையில் அது கூகுள் நடத்தும் நிஜமான டொமைன் வால். 2017 கடைசியில் வந்த குரோமிலிருந்து, டாட் டெவ் என்று முடியும் எந்தப் பெயரையும் பாதுகாப்பான இணைப்பில் மட்டும்தான் திறப்பேன் என்று உலாவி அடம்பிடிக்கும். நம் ஆபீசுக்குள் இருக்கும் பெட்டிதானே என்றெல்லாம் அதற்குத் தெரியாது.

சரி என்று டாட் லோக்கல் வைத்தோம். உள்ளூர் என்றே அர்த்தம், பொருத்தமாகத்தானே இருக்கிறது என்று நினைத்தோம். விண்டோஸ் கம்ப்யூட்டர்களில் பிரச்சினை இல்லை. முதலாளியின் ஐபோனில் சில நேரம் வரும், சில நேரம் வராது. டாட் லோக்கல் என்பது 2013-இலிருந்தே வேறு ஒரு வேலைக்கு ஒதுக்கப்பட்ட வால். அந்தப் பெயரைக் கேட்டால் போன் கிராணியிடம் போய் விசாரிக்காது, நடுத்தெருவில் நின்று "திம்பாங் யாருப்பா?" என்று கத்தும். அதே அறையில் இருக்கும் பிரிண்டர் "நான்தான் பிரிண்டர்" என்று பதில் சொல்வதற்கு அது நல்ல ஏற்பாடு. ஆனால் கத்துகிற சத்தம் ஒரு நெட்வொர்க்கிலிருந்து இன்னொன்றுக்குக் கேட்காது. நாங்கள் போன்களுக்குத் தனி வைஃபை வைத்திருந்தோம். முதலாளி கேபினுக்குள் இருந்தால் ஒரு வைஃபை, வெளியே வந்தால் இன்னொன்று. பாவம், கைபேசியைத்தான் திட்டிக்கொண்டிருந்தார்.

நாமாகக் கற்பனையாக ஒரு வால் வைத்துக்கொண்டால் என்ன என்று கேட்பீர்கள். உலகம் முழுக்க ஆபீஸ்கள் அப்படித்தான் செய்தன. டாட் கார்ப், டாட் ஹோம், டாட் மெயில் மூன்றையும் அத்தனை பேர் கேட்காமலேயே உள்ளே பயன்படுத்தி வந்ததால், அவற்றை யாருக்கும் விற்பதில்லை என்று டொமைன் பெயர்களைப் பார்த்துக்கொள்ளும் ஐகான் அமைப்பு 2018-இல் முடிவெடுக்க வேண்டியதாயிற்று. நீங்கள் கற்பனை செய்த வாலுக்கு அந்த அதிர்ஷ்டம் வாய்க்கும் என்று சொல்ல முடியாது. நாளைக்கு யாராவது அதை நிஜமாகவே வாங்கிவிட்டால், உங்கள் ஊழியர் வீட்டிலிருந்து அந்தப் பெயரைத் தட்டும்போது வேறு எவனோ பதில் சொல்வான். இப்போது அந்தத் தொல்லை இல்லை. 2024 ஜூலையில் ஐகான் டாட் இன்டர்னல் என்ற வாலை உள்வேலைக்கென்றே ஒதுக்கிவிட்டது, அது எந்தக் காலத்திலும் விற்பனைக்கு வராது. வீட்டுக்கு என்றால் 2018-இல் ஒதுக்கிய ஹோம் டாட் ஆர்ப்பா இருக்கிறது. ஆபீஸ் வாசலில் வீடு என்று எழுத முதலாளிக்கு மனம் வரவில்லை. ஆக, திம்பாங் டாட் இன்டர்னல்.

இதற்குள் மூன்று தடவை பெயர் மாறிவிட்டது. எங்கள் பக்கத்து ஊர் தெலுக் ஆன்சனும் இப்படித்தான் 1982-இல் தெலுக் இந்தான் ஆனது. என் பெரியப்பா சாகும் வரைக்கும் ஆன்சன் என்றுதான் சொன்னார், பஸ்காரர்கள் அவரைச் சரியான இடத்தில்தான் இறக்கிவிட்டார்கள். அதனால் நானும் பழைய பெயரையும் அதே எண்ணுக்குக் காட்டும்படி மூன்று மாதம் விட்டுவைத்தேன். யார் இன்னும் பழையதைத் தட்டுகிறார்கள் என்று சர்வர் பதிவேட்டில் பார்த்து, ஒவ்வொருவராகப் போய் மாற்றிவிட்டுப் பிறகுதான் எடுத்தேன்.

பெயரைக் கம்ப்யூட்டருக்குக் கற்றுக்கொடுக்க முதலில் ஒவ்வொன்றிலும், எந்தப் பெயருக்கு எந்த எண் என்று குறித்து வைக்கும் ஹோஸ்ட்ஸ் கோப்பில் ஒரு வரி எழுதினோம். ஆறு கம்ப்யூட்டர் என்பதால் முடிந்தது. போனில் அதைச் செய்ய வழியில்லை. எண் மாறினால் ஆறிலும் மறுபடி எழுத வேண்டும். எனவே சர்வரிலேயே டிஎன்எஸ்மாஸ்க் என்ற சின்ன நிரலைப் போட்டு, இனிமேல் இதுதான் கிராணி என்று ரவுட்டர் மூலமாக எல்லோருக்கும் சொல்ல வைத்தோம். ரவுட்டரில் அதற்கு இரண்டு கட்டங்கள் இருக்கும், முதல் டிஎன்எஸ், இரண்டாம் டிஎன்எஸ். முதலில் 10.36.40.10. இரண்டாவதைக் காலியாக விடப் பயமாக இருந்தது. சர்வர் படுத்துவிட்டால் இணையமாவது ஓடட்டுமே என்று கூகுளின் 8.8.8.8 எழுதினேன். எழுதியது நானேதான், பையன் இல்லை.

திங்கட்கிழமை கதை இங்கிருந்துதான் தொடங்குகிறது. முதல் திங்கள், கேபிள் என்று நினைத்துக் கேபிளை மாற்றினோம். இரண்டாவது திங்கள் கேபிள்களை ஒன்றாக இணைக்கும் நெட்வொர்க் சுவிட்சை மாற்றினோம். செவ்வாய் முதல் சனி வரைக்கும் எந்தத் தொல்லையும் இல்லை, திங்கள் காலையில் மட்டும் பாதிப்பேருக்குப் பெயர் கிடைக்காது. அதே நேரத்தில் 10.36.40.10 என்று எண்ணைத் தட்டினால் பக்கம் வந்து நிற்கும். மூன்றாவது திங்கள் பையனைப் போனில் பிடித்தேன். "அத்தை, கட்டளை அடிக்கும் கருப்புத் திரையைத் திறந்து என்எஸ்லுக்கப் என்று அடித்து, பக்கத்தில் திம்பாங் பெயரைப் போடுங்கள். பதிலைப் பார்க்காதீர்கள், பதில் சொன்னது யார் என்று பாருங்கள்" என்றான். முதல் வரியைப் படித்தேன். பதில் சொன்னது 8.8.8.8. அப்படி ஒரு பெயரே கிடையாது என்று அது உறுதியாகச் சொல்லியிருந்தது. அது சொன்னதும் சரிதான், வேலிக்கு வெளியே அப்படி ஒரு பெயர் இல்லையே.

ஏன் திங்கள் மட்டும்? சனிக்கிழமை மதியம் ஆபீஸ் பூட்டும்போது மின்னலுக்குப் பயந்து முதலாளி எல்லா பிளக்கையும் பிடுங்கிவிடுவார். திங்கள் காலை எல்லாம் ஒன்றாக உயிர் பெறும். கம்ப்யூட்டர்கள் அரை நிமிடத்தில் எழுந்துவிடும். எங்கள் கிழட்டுச் சர்வர் டிஸ்க்கை எல்லாம் தடவிப் பார்த்துவிட்டு எழ மூன்று நிமிடம் ஆகும். அந்த மூன்று நிமிடத்தில் கேட்டவர்களுக்கு முதல் கிராணி பதில் சொல்லவில்லை, உடனே இரண்டாவது கிராணியிடம் போனார்கள், அவன் இல்லை என்றான். இல்லை என்பதும் ஒரு பதில்தான். அதை வாங்கிக்கொண்ட பிறகு கம்ப்யூட்டர் முதலாமவனிடம் திரும்ப வந்து கேட்காது, கொஞ்ச நேரத்துக்கு அதையே மனதில் வைத்துக்கொள்ளும். சில கருவிகள் அதன் பிறகு இரண்டாவது ஆளையே பிடித்துத் தொங்கும். இரண்டாவது கட்டம் என்பது முதலாமவனுக்குத் தெரியாததைப் போய்க் கேட்பதற்கான இடம் என்று நான் நினைத்திருந்தேன். அப்படி இல்லை. இரண்டு பேருக்கும் ஒரே விஷயம் தெரிந்திருந்தால்தான் இருவரையும் எழுதலாம்.

இதில் நான் எடுத்த முடிவு, கிராணியையே இடம் மாற்றியது. பெயர்ப்பட்டியலைச் சர்வரிலிருந்து எடுத்து ரவுட்டரில் வைத்தேன். திம்பாங் என்றால் 10.36.40.10, மற்றதெல்லாம் வெளியே போய்க் கேள். ரவுட்டர் எழுந்தால்தான் நெட்வொர்க்கே எழும் என்பதால், பெயர் சொல்ல ஆள் இல்லாத நேரம் என்று ஒன்று கிடையாது. இரண்டாவது கட்டம் காலி. சர்வரைப் பழுது பார்க்க நிறுத்தினாலும் இணையம் ஓடும், நான் பயந்த விஷயமும் அதோடு தீர்ந்தது. தொடக்கத்திலேயே இப்படிச் செய்திருக்க வேண்டும். பெட்டி வாங்கிய அன்றே அந்த வசதி அதில் இருந்தது.

போன்களில் ஒன்றிரண்டு அதற்குப் பிறகும் அடங்கவில்லை. மேடைத் தம்பியின் போனில் பெயர் வரவே வராது. பார்த்தால், விளையாட்டுக்கு நடுவில் விளம்பரம் வரக்கூடாது என்று ஆண்ட்ராய்டின் தனிப்பட்ட டிஎன்எஸ் அமைப்பில் ஏதோ ஒரு முகவரியை எழுதியிருந்தான். அது இருந்தால் போன் நம் ரவுட்டரை எதற்கும் கேட்காது, நேராக வெளியே போய்விடும். தானாக என்று மாற்றச் சொன்னேன், மாற்றினான், முகம் வாடியது. உலாவிகளிலும் பாதுகாப்பான டிஎன்எஸ் என்று ஒரு அமைப்பு இருக்கும், அதையும் பார்த்துக்கொள்ளுங்கள். இன்னொன்று, குரோமில் வெறும் பெயரைத் தட்டினால் தேடப் போய்விடும். பெயருக்குப் பின்னால் ஒரு சாய்கோடு போட வேண்டும். இதைப் பத்துப் பேருக்கு விளக்குவதைவிட, எல்லாவற்றிலும் முகப்பில் ஒரு குறுக்குவழி வைப்பது சுலபம்.

இவ்வளவுக்குப் பிறகு, பாதுகாப்பான இணைப்பு எதற்கு, உள்ளேதானே என்று சும்மா இருந்திருப்போம். லோரி அட்டையில் இருக்கும் க்யூஆர் குறியைப் போன் கேமராவால் படித்தால் வண்டி எண்ணைத் தட்ட வேண்டாமே என்று ஆசைப்பட்டதில் மாட்டிக்கொண்டோம். பாதுகாப்பான இணைப்பு இல்லாத பக்கத்துக்கு உலாவி கேமராவைத் தராது. பாதுகாப்பான இணைப்புக்கு, இந்தப் பெயர் இந்தச் சர்வருக்கு உரியதுதான் என்று உறுதி சொல்லும் மின்னணுச் சான்றிதழ் வேண்டும். டாட் இன்டர்னல் பெயருக்கு வெளியில் யாரும் சான்றிதழ் கொடுக்க மாட்டார்கள். உலகுக்குப் பொதுவில் இல்லாத பெயர்களுக்குச் சான்றிதழ் தருவது 2015 நவம்பர் 1-ஓடு நின்றுவிட்டது. பத்துப் பேர் தங்கள் சர்வருக்கு மெயில் என்று பெயர் வைத்து, பத்துப் பேரும் சான்றிதழ் வாங்கினால் யார் உண்மையான மெயில்?

நாமே முத்திரை செய்துகொள்வது ஒரு வழி. எம்கேசெர்ட் என்ற கருவியில் பையன் ஒரு தாய்ச் சான்றிதழ் உண்டாக்கி, அதைக்கொண்டு திம்பாங்குக்கு ஒன்று போட்டான். தாய்ச் சான்றிதழை ஒவ்வொரு கருவியிலும் ஏற்ற வேண்டும். ஆண்ட்ராய்டில் ஏற்றினால், உங்கள் நெட்வொர்க் கண்காணிக்கப்படலாம் என்று ஒரு எச்சரிக்கை வரும், ஆளுக்கு ஆள் என்னிடம் வந்து கேட்டார்கள். கேட்டது நியாயம்தான். ஐபோனில் ஏற்றினால் மட்டும் போதாது, அமைப்புகளில் பொது, அப்புறம் அறிமுகம் என்று போய், அடியில் இருக்கும் சான்றிதழ் நம்பிக்கைப் பகுதியில் அதற்கென்று ஒரு பொத்தானைத் தள்ள வேண்டும். இதை அறியாமல் முதலாளியின் போனோடு ஒரு மதியம் போனது. ஆப்பிள் கருவிகள் 825 நாளுக்கு மேல் ஆயுள் உள்ள சர்வர் சான்றிதழை ஏற்காது. பத்து வருஷத்துக்குப் போட்டு நிம்மதியாக இருக்கலாம் என்ற என் திட்டம் அதில் உடைந்தது.

அந்தத் தாய்ச் சான்றிதழின் சாவி யார் கையில் இருக்கிறதோ, அவர் இந்த ஆபீஸ் போன்களை வங்கிப் பக்கம் என்று எதைக் காட்டியும் நம்ப வைக்கலாம். எனவே அது சர்வரில் இல்லை. ஒரு பென்டிரைவில், இரும்புப் பெட்டியில், நிலப்பட்டா கோப்புக்கு அடியில் கிடக்கிறது.

நேர்மையாகச் சொன்னால், வந்து போகிறவர்களின் போன்களும் உங்கள் சர்வரைத் திறக்க வேண்டும் என்றால் இந்த வழி சரிப்படாது. அங்கே ஒரு டொமைனை வாங்கிவிடுவதுதான் நல்லது. டிஎன்எஸ் பதிவு மூலமாக உரிமையை நிரூபித்து இலவசச் சான்றிதழ் வாங்கலாம், அதற்குச் சர்வரை வெளியே காட்ட வேண்டிய அவசியம் இல்லை. ஒன்று மட்டும், அப்படி வாங்கும் ஒவ்வொரு பெயரும் பொதுப் பதிவேட்டில் ஏறிவிடும், சம்பளம் என்று சர்வருக்குப் பெயர் வைத்திருந்தால் உலகத்துக்கே தெரியும். எங்களுக்குப் பத்துப் போன், ஆறு கம்ப்யூட்டர். தேவைப்படவில்லை.

மற்ற சில்லறைத் தொல்லைகள். சர்வருக்குத் தன் பெயர் தனக்கே தெரியாவிட்டால் சில கட்டளைகளுக்குச் சில நொடி யோசிக்கும், அதன் ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதன் பெயரை எழுதினால் தீர்ந்தது. பலகையில் இருக்கும் நாணய அளவுப் பேட்டரி செத்திருந்ததால் ஒரு திங்கள் சர்வர் பழைய வருஷத்தில் கண் விழித்தது. இணையமும் இல்லாததால் நேரத்தைத் திருத்த வழியில்லை. சான்றிதழ் இன்னும் பிறக்கவே இல்லை என்று எல்லாப் போனும் சொன்னது. சில வெள்ளியில் முடிகிற வேலை, அரைநாளைத் தின்றது.

மேடைக்கு இழுத்திருந்த செம்புக் கேபிள் பெரிய தொல்லை. நாற்பது மீட்டர் திறந்த வெளியில் ஓடும் செம்புக் கம்பி, பக்கத்தில் எங்காவது மின்னல் விழுந்தாலே அதிர்வை இரண்டு பக்கமும் கொண்டுவந்து சேர்க்கும். இரண்டு சுவிட்சைப் பறிகொடுத்த பிறகு அந்தத் தூரத்துக்கு மட்டும் ஃபைபர் இழுத்தோம், இரு முனையிலும் ஆளுக்கொரு மாற்றிப் பெட்டி. கண்ணாடி இழை மின்சாரத்தைக் கடத்தாது. அதற்குப் பிறகு மேடைப் பக்கம் ஒன்றும் கருகவில்லை.

தைப்பூசத்துக்குப் பினாங்கு போகும்போது அங்கிருந்தபடியே சர்வரைப் பார்க்க வேண்டும், ரவுட்டரில் ஒரு வாசல் திறந்துவிடச் சொல் என்று முதலாளி கேட்டார். எனக்கு விருப்பமில்லை. ஒரு சின்ன வாசலைத் திறந்து வைத்தால் அதை நாள் முழுக்கத் தட்டிப் பார்ப்பதற்கென்றே உலகத்தில் நிரல்கள் ஓடிக்கொண்டிருக்கின்றன. "என்ன பாக்கணும் முதலாளி?" என்று கேட்டேன். யோசித்துவிட்டு, "இன்னைக்கு எத்தனை டன்னு" என்றார். இப்போது தினமும் ஆறு மணிக்குச் சர்வரே டெலிகிராமில் அவருக்கு டன் கணக்கை அனுப்பிவிடுகிறது. உள்ளிருந்து வெளியே போவதற்கு எந்த வாசலையும் திறக்க வேண்டாம். வருமான வரி வாரியத்தின் இ-இன்வாய்ஸும் அப்படித்தான், நாம் வெளியே அனுப்புகிறோம், யாரும் உள்ளே வருவதில்லை.

நகல் எடுப்பதைப் பற்றி ஒரே ஒரு விஷயம். கணக்குப் பதிவுகளை ஏழு வருஷம் வைத்திருக்க வேண்டும் என்பது வரிச் சட்டம். வாரம் ஒரு டிஸ்க் முதலாளி வீட்டுக்குப் போகிறது, ஒன்று திரும்பி வருகிறது. ஒரு ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் இன்னொரு பழைய கம்ப்யூட்டரில் அந்த டிஸ்க்கிலிருந்து எல்லாவற்றையும் எழுப்பிப் பார்த்தோம். கோப்பு எல்லாம் இருந்தது. ஆனால் ரவுட்டரில் இருந்த பெயர்ப்பட்டியல், எந்தக் கருவிக்கு எந்த எண், சான்றிதழ் முடியும் தேதி எதுவும் எந்த நகலிலும் இல்லை. எல்லாம் என் தலைக்குள் இருந்தது. அதைக் கண்டுபிடித்த பிறகு பசியாறக்கூடப் போகாமல் உட்கார்ந்து எழுதினோம்.

இப்போது அது ஒரு பக்கத் தாள், தமிழிலும் மலாயிலும், பிளாஸ்டிக் உறைக்குள், சர்வர் மேலேயே ஒட்டியிருக்கிறது. எண்கள், பெயர்கள், சாவி இருக்கும் இடம் தெரிந்த இரண்டு பேர், சான்றிதழைப் புதுப்பிக்க வேண்டிய மாதம். தாளின் அடியில் மேடைத் தம்பி தன் கையெழுத்தில் ஒரு வரி சேர்த்திருக்கிறான்: "திங்கள் காலை: முதலில் ரவுட்டர், அப்புறம் சர்வர், அப்புறம்தான் அக்காவைக் கூப்பிட வேண்டும்."